புதிய மடிக்கணினியில் கோப்புத் தேடல் மந்தமா? விண்டோஸ் 11 பயனர்களுக்கான முழுமையான வழிகாட்டி

வழக்கறிஞராக இருக்கும் என் நண்பர் ஒருவர், எட்டு ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்த மடிக்கணினியை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு, 16 ஜிபி நினைவகமும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டி என்னும் வேகமான சேமிப்பு வட்டும் கொண்ட புதியதொன்றை வாங்கினார். மூன்றாம் நாளே தொலைபேசியில் அழைத்து, பழைய கணினியில் கோப்புகள் தட்டியவுடன் வந்து நின்றன, புதியதிலோ ஒரு கிரயப்பத்திர நகல் நான்கு நிமிடம் தேடியும் வரவில்லை என்றும், கணினியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றும் கேட்டார். கணினியில் எந்தப் பழுதும் இல்லை. அவருடைய வழக்குக் கோப்புகள் அனைத்தும் டி டிரைவில் இருந்தன. விண்டோஸின் தேடல் அமைப்புக்கோ டி டிரைவில் என்ன இருக்கிறது என்பதே தெரியாது.

புதிய மடிக்கணினியில் தேடல் மந்தமாக இருப்பதற்கு, நான் பார்த்த வரையில், வன்பொருள் காரணமாக இருப்பது அரிது. பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் காரணம்: தேடலுக்காக விண்டோஸ் தயாரித்துவைக்கும் சொல்லடைவான இன்டெக்ஸ் இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை, அல்லது நீங்கள் தேடும் கோப்பு அந்த இன்டெக்ஸுக்கு வெளியே இருக்கிறது. முன்னதற்கு மருந்து பொறுமை. பின்னதற்கு மருந்து அமைப்பு மாற்றம். இந்த இரண்டில் எது என்று தெரிந்துகொள்ளாமல், கேட்டவர் எல்லோரும் சொல்கிறார்கள் என்பதற்காக இன்டெக்ஸை அழித்துப் புதிதாக எழுதவைக்கும் 'ரீபில்ட்' பொத்தானை அழுத்துவது, முக்கால்வாசி எழுதி முடித்த சொல்லடைவைக் கிழித்துப் போட்டுவிட்டு முதல் பக்கத்திலிருந்து மீண்டும் தொடங்குவதற்கு ஒப்பாகும். அந்தப் பொத்தானுக்கும் ஓர் இடம் உண்டு; அது இந்த வழிகாட்டியின் பிற்பகுதியில் வரும்.

தேடல் எப்படி நடக்கிறது

ஆய்வு நூல்களின் கடைசியில் சொல்லடைவு இருக்கும். ஒரு சொல் எந்தெந்தப் பக்கங்களில் வருகிறது என்பதை அதைப் பார்த்து நொடியில் அறியலாம். அது இல்லாத நூலில் முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டும். விண்டோஸில் 'விண்டோஸ் சர்ச்' என்னும் சேவை பின்னணியில் இயங்கி, கோப்புகளின் பெயர்களையும், வேர்ட், பிடிஎஃப் போன்ற கோப்புகளுக்குள் இருக்கும் சொற்களையும் படித்து, அத்தகைய சொல்லடைவு ஒன்றைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. அதுவே இன்டெக்ஸ். இன்டெக்ஸில் சேர்ந்த கோப்புறையில் தேடினால் விடை உடனே வரும். சேராத கோப்புறையில் தேடினால், ஃபைல் எக்ஸ்ப்ளோரர் ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டுப் பார்க்கும். சாளரத்தின் மேற்பகுதியில் பச்சைக் கோடு மெல்ல நகர்வது அப்போதுதான். அந்த நிலையில் எவ்வளவு வேகமான எஸ்எஸ்டியாக இருந்தாலும் பல்லாயிரம் கோப்புகளைப் புரட்ட நேரம் பிடிக்கும்.

இந்த இன்டெக்ஸ் பழைய கணினியிலிருந்து புதியதற்குக் கோப்புகளோடு சேர்ந்து வருவதில்லை. நீங்கள் நகலெடுத்துக் கொண்டுவந்தவை கோப்புகள் மட்டுமே. பழைய கணினியில் பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்த சொல்லடைவு அங்கேயே தங்கிவிட்டது. புதிய கணினி அதை ஒன்றிலிருந்து எழுதியாக வேண்டும்.

படி 1: மந்தம் எங்கே என்று சோதித்தல்

எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். நோட்பேடில் ஒரு சிறு கோப்பை உருவாக்கி, வேறெங்கும் வர வாய்ப்பில்லாத ஒரு பெயரை, எடுத்துக்காட்டாக 'மரங்கொத்தி77' என்பதை, அதற்கு இட்டு 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறையில் சேமியுங்கள். அதன் நகல் ஒன்றை, உங்கள் வேலைக் கோப்புகள் இருக்கும் இடத்தில், அது டி டிரைவோ வேறு கோப்புறையோ எதுவானாலும், வையுங்கள். ஒரு நிமிடம் கழித்து முதலில் டாக்குமென்ட்ஸ் கோப்புறையைத் திறந்து, வலது மேல்மூலையில் இருக்கும் தேடல் பெட்டியில் அந்தப் பெயரை இடுங்கள். பிறகு இரண்டாவது இடத்திற்குச் சென்று அதையே செய்யுங்கள். மூன்றாவதாக, ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி அங்கேயும் தேடிப் பாருங்கள்.

டாக்குமென்ட்ஸில் உடனே வந்து மற்றோர் இடத்தில் தாமதமானால், சிக்கல் இடத்தைச் சார்ந்தது. படி 3க்குச் செல்லலாம். இரண்டிலும் தாமதமானால் இன்டெக்ஸ் முடியவில்லை அல்லது கெட்டுப்போயிருக்கிறது. படி 2 உங்களுக்கானது. எக்ஸ்ப்ளோரரில் சரியாக இருந்து ஸ்டார்ட் தேடலில் மட்டும் இழுத்தால், ஸ்டார்ட் தேடல் உங்கள் கணினியோடு நில்லாமல் பிங் வழியாக இணையத்திலும் விடை தேடுவதை நினைவிற்கொள்ள வேண்டும்; இணைப்பு மந்தமாக இருக்கும் வேளைகளில் அது தடுமாறும். அமைப்புகளின் தேடல் பக்கத்தில் 'சர்ச் ஹைலைட்ஸ்' என்பதை அணைத்தால் ஓரளவு இலகுவாகும். ஆவணங்களைத் தேட ஸ்டார்ட்டை விட்டு எக்ஸ்ப்ளோரரைப் பயன்படுத்துவதே என் வழக்கம்.

சோதனையின்போது ஒன்றைத் தவிர்க்க வேண்டும். 'திஸ் பிசி' என்பதைத் திறந்துவைத்துக்கொண்டு தேடாதீர்கள். அங்கிருந்து தேடினால் இணைக்கப்பட்ட எல்லா டிரைவ்களும், இன்டெக்ஸில் இல்லாத இடங்களும் உட்பட, தேடலுக்குள் வந்துவிடும். மந்தம் என்று சொல்லி என்னிடம் வந்தவர்களில் சிலருக்கு இந்தப் பழக்கத்தை மாற்றியதே போதுமானதாக இருந்தது.

படி 2: இன்டெக்ஸ் முடிந்துவிட்டதா

'செட்டிங்ஸ்' சென்று 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் 'சர்ச்சிங் விண்டோஸ்' என்பதைத் திறக்கவும். அண்மைய பதிப்புகளில் இது 'சர்ச்' என்றே காணப்படும். அங்கே இன்டெக்ஸின் நிலை, இதுவரை சேர்ந்த உருப்படிகளின் எண்ணிக்கை, இன்னும் காத்திருப்பவற்றின் எண்ணிக்கை ஆகியவை தெரியும். காத்திருக்கும் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் இருந்து, பத்து நிமிடம் கழித்துப் பார்க்கையில் குறைந்திருந்தால், எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கிறது. முதல்முறை இன்டெக்ஸ் எழுதப்பட இரண்டு மணிநேரம் வரை ஆகலாம் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. லட்சக்கணக்கான கோப்புகளை ஒரே நாளில் கொண்டுவந்து கொட்டியவர்களுக்கு இதைவிட அதிகமாகவே ஆகும்.

இங்கே பலர் அறியாத ஒரு நுணுக்கம் உண்டு. நீங்கள் தட்டச்சு செய்துகொண்டோ உலாவியில் படித்துக்கொண்டோ இருக்கும்போது, உங்கள் வேலை தடைபடக் கூடாது என்பதற்காக இந்தச் சேவை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பேட்டரியில் இயங்கும்போதும் அப்படியே. பகல் முழுவதும் நீங்கள் வேலை செய்கிறீர்கள், வேலை முடிந்ததும் மூடியைச் சாத்தி உறங்கவைக்கிறீர்கள். ஆக, இன்டெக்ஸ் எழுதப்படுவதற்கு நாளில் ஒரு பொழுதும் கிடைப்பதில்லை. புதிய மடிக்கணினி வாரக்கணக்கில் மந்தமாகவே இருப்பதன் காரணம் பல வேளைகளில் இதுதான்.

எனவே ஓர் இரவு மின்னிணைப்பில் செருகி, மூடியைத் திறந்தபடி விட்டு, 'பவர்' அமைப்பில் உறங்கும் நேரத்தை அன்றைக்கு மட்டும் 'நெவர்' என்று மாற்றிவையுங்கள். காலையில் காத்திருக்கும் எண்ணிக்கையைப் பாருங்கள்.

புதிய கணினியின் முதல் சில நாட்களில் இன்டெக்ஸ் மட்டும் இயங்குவதில்லை. விண்டோஸ் அப்டேட் இறங்குகிறது, மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவ் ஒத்திசைக்கிறது, வைரஸ் தடுப்பு மென்பொருள் முதல் சோதனையை நடத்துகிறது. 'டாஸ்க் மேனேஜர்' திறந்து, 'டிஸ்க்' பத்தியைச் சொடுக்கினால் வட்டை யார் அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்பது வரிசையாகத் தெரியும். முதலில் அப்டேட்டுகளை முழுவதும் முடித்து, மறுதொடக்கம் செய்துவிட்டு, அதன்பின் இன்டெக்ஸுக்கு இரவை ஒதுக்குவதே சரியான வரிசை. வாங்கும்போதே நிறுவப்பட்டு வரும் சோதனைக்கால வைரஸ் தடுப்பு மென்பொருளை நீங்கள் பணம் கட்டித் தொடரப்போவதில்லை என்றால், அதை நீக்கிவிடுவது நல்லது. நீக்கியதும் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் அந்தப் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொள்ளும்.

சி டிரைவில் இடம் நெருக்கடியாக இருந்தால் இன்டெக்ஸ் எழுதுவது நின்றுவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். இன்டெக்ஸின் அளவு, சேர்க்கப்பட்ட கோப்புகளின் மொத்த அளவில் பொதுவாகப் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு என்றாலும், 256 ஜிபி எஸ்எஸ்டி கொண்ட மலிவு மாதிரிகளில் அதுவும் பொருட்படுத்தத்தக்கதே.

படி 3: விடுபட்ட இடங்களைச் சேர்த்தல்

அதே தேடல் அமைப்புப் பக்கத்தில் 'கிளாசிக்', 'என்ஹான்ஸ்ட்' என இரண்டு தேர்வுகள் இருக்கும். கணினி வரும்போது கிளாசிக் தேர்வில் இருக்கும். அது டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக், டெஸ்க்டாப் போன்ற உங்கள் பயனர் கோப்புறைகளை மட்டுமே கணக்கில் கொள்ளும். நம் ஊரில் கடைக்காரர்களே வட்டை இரண்டாகப் பிரித்து டி டிரைவ் ஒன்றை உருவாக்கிக் கொடுப்பதும், 'முக்கியமானவற்றை சி டிரைவில் வைக்காதீர்கள்' என்ற அறிவுரையோடு அனுப்புவதும் வழக்கம். அந்த அறிவுரையைக் கடைப்பிடிக்கும் ஒவ்வொருவரும் தம் கோப்புகளை இன்டெக்ஸின் எல்லைக்கு வெளியே கொண்டுபோய் வைக்கிறார்கள்.

என்ஹான்ஸ்ட் என்பதைத் தேர்ந்தால் கணினி முழுவதும் சேர்ந்துவிடும். அது எளிய வழியாகத் தோன்றினாலும் நான் பரிந்துரைப்பதில்லை. இன்டெக்ஸில் நான்கு லட்சம் உருப்படிகளுக்கு மேல் சேர்ந்தால் செயல்திறன் குறையத் தொடங்கலாம் என்று மைக்ரோசாஃப்டே தன் ஆவணத்தில் எச்சரிக்கிறது. நிரலாளர்களின் ப்ராஜெக்ட் கோப்புறை ஒன்றிலேயே சில நேரம் லட்சம் சிறு கோப்புகள் கிடக்கும். தேவையானதை மட்டும் சேர்ப்பதே சிறந்தது.

அதற்கு, ஸ்டார்ட் தேடலில் 'இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டித் திறந்து, 'மாடிஃபை' பொத்தானை அழுத்துங்கள். டிரைவ்களின் பட்டியல் வரும். டி டிரைவுக்கு இடப்பக்கமுள்ள அம்புக்குறியைச் சொடுக்கி விரித்து, உங்கள் ஆவணங்கள் இருக்கும் கோப்புறைகளுக்கு மட்டும் குறியிட்டு, 'ஓகே' கொடுங்கள். திரைப்படங்கள், விளையாட்டுகள், பழைய கணினியின் முழு நகல் போன்றவற்றுக்குக் குறியிட வேண்டாம். உடனே உருப்படிகளின் எண்ணிக்கை ஏறத் தொடங்கும். மீண்டும் ஓர் இரவு தேவைப்படலாம்.

சேர்த்தும் ஒரு கோப்புறை மட்டும் இன்டெக்ஸில் வர மறுத்தால், அதன்மேல் வலச்சொடுக்கி 'ப்ராபர்ட்டீஸ்', 'அட்வான்ஸ்ட்' வழியே சென்று, கோப்புகளின் உள்ளடக்கத்தை இன்டெக்ஸ் செய்ய அனுமதிக்கும் கட்டத்தில் குறி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய எக்ஸ்பி காலத்தில், வேகம் கூடும் என்று சொல்லி இந்தக் குறியை எடுத்துவிடும் பழக்கம் பரவலாக இருந்தது. 'குறியெடுத்தால் வேகம்' என்ற அந்த அறிவுரை இன்றும் சுற்றிக்கொண்டிருப்பதால் புதிய கணினியிலும் சிலர் அதையே செய்துவிடுகிறார்கள்.

வெளிப்புற வட்டும் நெட்வொர்க் டிரைவும் தனிக்கதை. யுஎஸ்பி வழி இணைக்கும் வன்வட்டை மேற்சொன்ன முறையில் சேர்க்கலாம். ஆனால் கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பதற்கு அது உகந்ததல்ல. அலுவலகச் சர்வரில் பகிரப்பட்ட கோப்புறையை, 'ஆஃப்லைன்' ஆக வைத்துக்கொண்டாலன்றி, உங்கள் கணினியின் இன்டெக்ஸில் சேர்க்க இயலாது. அங்கே தேடல் வேகமாக வேண்டுமெனில் அந்தச் சர்வரிலேயே இன்டெக்ஸ் இயங்க வேண்டும். அது நிர்வாகியின் வேலை.

படி 4: ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் அமைப்புகள்

எக்ஸ்ப்ளோரரில் மூன்று புள்ளிகளைச் சொடுக்கி 'ஆப்ஷன்ஸ்' திறந்து, 'சர்ச்' தாவலுக்குச் செல்லுங்கள். எப்போதும் கோப்புப் பெயர்களோடு உள்ளடக்கத்தையும் தேடு என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கும். அதற்குப் பல நிமிடம் ஆகலாம் என்று அதன் பக்கத்திலேயே எழுதியிருக்கும். இன்டெக்ஸ் ஆகாத இடத்தில் இந்தக் குறி இருந்தால், எக்ஸ்ப்ளோரர் ஒவ்வொரு கோப்பையும் திறந்து வாசித்துவிட்டே அடுத்ததற்கு நகரும். அதை எடுத்துவிடுங்கள். சுருக்கப்பட்ட ஜிப் கோப்புகளுக்குள்ளும் தேடு என்ற குறியும் அதே வகையைச் சேர்ந்தது.

தேடல் முடிவுகள் வந்தபின் அவை திரையில் தோன்றத் தாமதமானால், காரணம் முன்தோற்றப் படங்களாக இருக்கலாம். காட்சியை 'டீடெய்ல்ஸ்' என்று மாற்றிப் பாருங்கள். பல்லாயிரம் கோப்புகள் கொண்ட கோப்புறையின் 'ப்ராபர்ட்டீஸ்' சென்று 'கஸ்டமைஸ்' தாவலில் அது 'பிக்சர்ஸ்' அல்லது 'வீடியோஸ்' வகையாகக் குறிக்கப்பட்டிருந்தால் 'ஜெனரல் ஐட்டம்ஸ்' என்று மாற்றுங்கள்.

படி 5: ஒன்டிரைவ் கோப்புகள்

புதிய கணினியைத் தொடங்கும்போது வந்த திரைகளில் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்திக்கொண்டே போனவர்களின் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் கோப்புறைகள் ஒன்டிரைவுக்குள் இடம் மாறியிருக்கக்கூடும். கோப்பின் பக்கத்தில் மேகச் சின்னம் இருந்தால், அதன் பெயர் மட்டுமே உங்கள் கணினியில் இருக்கிறது; உள்ளடக்கம் மைக்ரோசாஃப்டின் சர்வரில் இருக்கிறது. அத்தகைய கோப்பைப் பெயரால் தேடி எடுக்க முடியும். உள்ளே இருக்கும் சொல்லால் தேடினால் இன்டெக்ஸ் கைவிரித்துவிடும். அடிக்கடி தேடும் கோப்புறையின்மேல் வலச்சொடுக்கி 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' என்பதைத் தேர்ந்தால், கோப்புகள் முழுமையாக இறங்கி, அதன்பின் இன்டெக்ஸிலும் சேரும். இடம் போதுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: இப்போது ரீபில்ட்

இரவு முழுவதும் விட்டும் காத்திருக்கும் எண்ணிக்கை அசையவில்லை, அல்லது இன்டெக்ஸ் முடிந்ததாகக் காட்டியும் டாக்குமென்ட்ஸில் இருக்கும் 'மரங்கொத்தி77' கிடைக்கவில்லை என்றால், இன்டெக்ஸ் கெட்டுப்போயிருக்கிறது என்று கொள்ளலாம். ஸ்டார்ட்டில் 'சர்வீசஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டித் திறந்து, பட்டியலில் 'விண்டோஸ் சர்ச்' இயங்குகிறதா என்று பாருங்கள். அதன் தொடக்க முறை 'ஆட்டோமேட்டிக், டிலேய்ட் ஸ்டார்ட்' என்று இருக்க வேண்டும். கணினியை வேகமாக்குவதாகச் சொல்லிக்கொள்ளும் சில இலவச மென்பொருள்கள் இந்தச் சேவையை அணைத்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். அது சரியாக இருந்தால், 'இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்' சாளரத்தில் 'அட்வான்ஸ்ட்' அழுத்தி 'ரீபில்ட்' கொடுங்கள். பழைய இன்டெக்ஸ் அழிந்து புதிதாக எழுதப்படும். உங்கள் கோப்புகளுக்கு எதுவும் ஆகாது. வேலை முடிந்து கணினியைச் செருகிவைத்த பின், இரவில் செய்யுங்கள்.

அதே 'அட்வான்ஸ்ட்' சாளரத்தின் 'ஃபைல் டைப்ஸ்' தாவலில், எந்தெந்த வகைக் கோப்புகளின் உள்ளடக்கம் படிக்கப்பட வேண்டும், எவற்றின் பெயர் போன்ற விவரங்கள் மட்டும் போதும் என்பதை வகைவாரியாகத் தீர்மானிக்கலாம்.

படி 7: பெயரால் மட்டும் தேடுபவர்களுக்கு

கோப்பின் பெயர் உங்களுக்கு எப்போதும் நினைவில் இருக்கும் என்றால், வாய்ட்டூல்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் 'எவ்ரிதிங்' என்னும் சிறு மென்பொருள் இந்தத் தலைவலி அனைத்தையும் தாண்டிச் சென்றுவிடும். விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் வடிவ வட்டில், எல்லாக் கோப்புகளின் பெயர்களும் தலைமைப் பதிவேடு ஒன்றில் ஏற்கெனவே இருக்கின்றன. எவ்ரிதிங் அந்தப் பதிவேட்டை நேரடியாகப் படித்துக்கொள்கிறது. புதிதாக நிறுவிய விண்டோஸ் 10இல் இருக்கும் ஏறத்தாழ 1,20,000 கோப்புகளுக்கு ஒரு நொடியும், பத்து லட்சம் கோப்புகளுக்கு ஒரு நிமிடமும் போதும் என்கிறது அதன் விளக்கக் குறிப்பு. டி டிரைவ் என்ற பாகுபாடும் அதற்கு இல்லை. கோப்புக்குள் இருக்கும் சொற்களை அது இயல்பாகச் சேகரித்துவைப்பதில்லை. அதற்கு விண்டோஸின் இன்டெக்ஸ் தேவை. நான் இரண்டையும் வைத்திருக்கிறேன்.

தமிழில் தேடும்போது

தேடல் மந்தம் என்ற புகாரில் ஒரு பகுதி, உண்மையில் தேடல் கண்டுபிடிக்காததைப் பற்றியது. இன்டெக்ஸ் சொற்களின் தொடக்கத்தைக் கொண்டே ஒப்பிடுகிறது. 'பத்திரம்' என்று தேடினால், ஆவணத்துக்குள் இருக்கும் 'பத்திரத்தை', 'பத்திரங்கள்' ஆகிய இரண்டுமே கிடைக்கா. 'பத்திர' என்று வேற்றுமை உருபு சேருமுன் நிறுத்தித் தேடினால் அனைத்தும் வரும். 'கிரயப்பத்திரம்' என்று சேர்த்து எழுதியிருந்தாலோ, 'பத்திர' என்று தேடினாலும் அது வராது, ஏனெனில் அந்தச் சொல் 'கிரய' என்று தொடங்குகிறது. கோப்புப் பெயரில் இத்தகைய கூட்டுச்சொற்களைத் தேட, முன்னால் ஒரு நட்சத்திரக் குறியை இட்டு '*பத்திர' என்று தட்டலாம். பெயர் வைக்கும்போதே இடைவெளிவிட்டு எழுதினால் இந்தத் தொல்லை இராது.

பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டிய பழைய வேர்ட் கோப்புகள் வேறு வகைச் சிக்கல். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் அவற்றுக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துக்களும் குறிகளுமே. இன்டெக்ஸும் அவற்றையே பதிந்துகொள்கிறது. யூனிகோடில் நீங்கள் தட்டும் சொல் அவற்றோடு ஒருபோதும் பொருந்தாது. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை ஏற்று ஆணையிட்ட பிறகும் அலுவலகங்களில் இத்தகைய கோப்புகள் மலையாகக் கிடக்கின்றன. எழுத்துரு மாற்றி கொண்டு யூனிகோடுக்கு மாற்றிச் சேமித்தால்தான் தேட முடியும்.

செயற்கை நுண்ணறிவு வேலைகளுக்கான என்பியு என்னும் செயலி கொண்ட கோபைலட் பிளஸ் வகை மடிக்கணினியை வாங்கியவர்கள், பேச்சு நடையில் கேட்டாலே கோப்பை எடுத்துத் தரும் புதிய தேடலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். அது ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம், ஸ்பானியம், சீனம் ஆகிய மொழிகளுக்காகச் செம்மைப்படுத்தி வெளியிடப்பட்டது. தமிழ்க் கோப்புகளுக்கு அதை நம்பியிருக்க வேண்டாம்.

நண்பரின் கணினிக்கு டி டிரைவின் ஒரு கோப்புறையைச் சேர்த்து, ஓர் இரவு செருகிவைத்ததும் வேர்ட் கோப்புகள் அனைத்தும் உடனுக்குடன் கிடைத்தன. கிரயப்பத்திர நகல் அப்போதும் கிடைக்கவில்லை. அது ஸ்கேன் செய்த பிடிஎஃப். உள்ளே சொற்களே இல்லை, பக்கத்தின் புகைப்படம் மட்டும்தான் இருந்தது, கோப்பின் பெயரோ ஸ்கேனர் தானாக இட்ட எண். இத்தகைய கோப்புகளை ஓசிஆர் மென்பொருளில் இட்டுச் சொற்களைப் படிக்கவைத்து மீண்டும் சேமிக்க வேண்டும். அதற்கு நேரமில்லாதவர்கள் ஸ்கேன் செய்தவுடனேயே கட்சிக்காரர் பெயர், ஆண்டு, ஆவண வகை ஆகியவற்றை இடைவெளிவிட்டு எழுதிக் கோப்புக்குப் பெயரிட்டுவிடலாம். நண்பரின் இளநிலை வழக்கறிஞர் இப்போது இரண்டாவது முறையைத்தான் கடைப்பிடிக்கிறார்.